நூறாவது வரிக்கு மேல்

போன ஆடி மாதம், வெண்ணந்தூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வீட்டின் முன்பாதி தறிக்கூடம். பின்பாதியில்தான் குடித்தனம். கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். நான் சேலத்தில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறேன். அந்தத் தறிச் சத்தத்தில் மீட்டிங் எப்படிப் பேசுகிறேன் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.

அதற்கு ஒரு வருடம் முன்னால் கம்பெனியில் திடீரென்று "ப்ளக்-இன் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஜாவா எழுதுவதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. அதில் இல்லாத ஒரு வசதியை நாமே செய்து அதோடு ஒட்டவைத்தால், அதுதான் ப்ளக்-இன். கற்றுக்கொள்ள உட்கார்ந்த முதல் நாளே திண்டாட்டம். செய்ததைச் சோதிக்க ஓடவிட்டால், அதே மென்பொருள் இன்னொரு முறை காலியாகத் திறக்கிறது. ஏதோ கெட்டுவிட்டது என்று நானும் அதை மூடி மூடி வைக்கிறேன். அந்தக் காலி சன்னலுக்குள்தான் நம் ப்ளக்-இன் வேலை செய்யும் என்பது மறுநாள்தான் மண்டையில் ஏறியது.

பழகுவதற்காக ஒரு விளையாட்டுச் சாமான் செய்தேன். நிரலில் தப்பு விழுந்தால் அந்த வரியின் ஓரத்தில் சிவப்புக் குறி வரும். குறியோடு என் குரலும் வந்தால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை. எங்கள் தெருவில் தறிகள் ஓய்வது மாதாந்திர மின்தடை நாளில்தான். அன்றைக்கு லேப்டாப்பில் இருந்த சார்ஜை நம்பி உட்கார்ந்து, "ஏனுங்க, தப்பு உழுந்திருக்குதுங்க, வரி" என்று பதிவு செய்தேன். பிறகு ஒன்று, இரண்டு என்று எண்களைச் சொல்லிக்கொண்டே போனேன். நூற்றைத் தொட்டேனோ இல்லையோ, கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்கத் தறி கிளம்பியது. இது போதும் என்று மூடிவைத்தேன்.

வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதை இணையத்தில் போட்டேன். யார் எடுக்கப் போகிறார்கள் என்று மறந்தும் போனேன்.

போன ஆடியில், காற்று ஊரையே தூக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் மின்னஞ்சல் ஒன்று வந்தது. அவசரமாகப் பேச வேண்டும் என்று ஒரு போன் நம்பர். கூப்பிட்டேன். மல்லசமுத்திரத்துப் பையன், கல்லூரியில் கடைசி வருடம்.

"அக்கா, நூறுக்கு மேல போனா உங்க குரல் வர மாட்டீங்குதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதனால என்னங்க தம்பி, சிவப்புக் குறி தெரியுமில்ல, அதப் பாத்துக்குங்க."

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க அக்கா."

சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. பையன் சங்கடமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார். திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் அவரிடம் இருக்கிறதாம். ஆனால் தப்பு எங்கே என்று தேடிப் போய்க் கேட்டால்தான் அது சொல்லுமாம், அதுவும் ஏதோ வெளிநாட்டு உச்சரிப்பில். என் குரல் தப்பு விழுந்த நொடியே வரியைச் சொல்லிவிடுகிறதாம். வருடம் முழுக்க, நூறு வரிக்குள் முடியும் பாட நிரல்களை அதை வைத்துத்தான் எழுதிப் படித்திருக்கிறார். மறுநாள் கல்லூரிக்கு ஒரு கம்பெனியிலிருந்து தேர்வு வைத்து ஆள் எடுக்க வருகிறார்கள். சொந்த லேப்டாப்பிலேயே எழுத அனுமதி வாங்கியிருக்கிறார். அங்கே எழுதும் நிரல் நூறு வரியோடு நிற்காது.

போனை வைத்ததும் எனக்கு வந்தது பெருமை இல்லை, பயம்தான். நான் விளையாட்டுக்குச் செய்ததைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார். என் குரல் ஒரு வரி தள்ளிச் சொன்னால் நான் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்வேன். அவர் என்ன செய்வார்? ஒரு பெரிய நிரலைத் திறந்து, அங்கங்கே வேண்டுமென்றே தப்பு வைத்து, சரியான வரியைத்தான் சொல்கிறதா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன். நல்லவேளை, நூறு வரைக்கும் சரியாகவே சொன்னது.

இனி வேண்டியது நூத்தி, இருநூத்தி, முந்நூத்தி என்று சில சொற்கள்தான். மீதியைப் பழைய எண்களோடு கோத்துவிடலாம். ஆனால் தறிச் சத்தத்தில் எப்படிப் பதிவது? வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஏதாவது காட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். கணவர் விஷயத்தைக் கேட்டார்.

"இந்தக் காத்துல காட்டுக்குப் போயி என்னத்தப் பதிவ? செத்த இரு," என்று தன் தறிகளை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் கத்துவது கேட்டது. "கண்ணுத் தெரியாத பையனுக்கு நாளைக்குப் பரிச்சைங்க. ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்துங்க."

ஓடுகிற தறியை நிறுத்த யாருக்கும் மனசு வராது, நூலும் கூலியும் அதில் ஓடுகிறது. இவருக்கு நல்ல ஏச்சுத்தான் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் பக்கத்து வீட்டுச் சத்தம் நின்றது. அடுத்தது எதிர்வீடு. அப்படியே தெருக்கோடி வரைக்கும். கரண்ட் இருக்கும்போதே எங்கள் தெரு அமைதியானதை நான் அன்றுதான் பார்த்தேன். மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு "நூத்தி" என்றேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மா சன்னல் வழியாக, "ஏஞ்சாமி, கரண்டு போச்சா?" என்றார். அது மைக்கில் விழுந்திருக்காது என்று நம்பி மீதியை முடித்தேன். தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. புதுச் சொற்களை அவசரமாகச் சேர்த்துப் பையனுக்கு அனுப்பினேன்.

மாலையில் பையன் போன் செய்து, தன் லேப்டாப்பைப் பேசவிட்டார். யாரோ ஒருவர் வீட்டிலிருந்து என் குரலே எனக்குக் கேட்டது. "ஏனுங்க, தப்பு உழுந்திருக்குதுங்க, வரி நூத்தி..." தூரத்தில் "கரண்டு போச்சா?" அதற்கப்புறம் "பன்னெண்டு." ஐயோ, மாற்றித் தருகிறேன் என்று பதறினேன்.

"இருக்கட்டுமுங்க அக்கா. கூட ரெண்டு பேரு இருக்கற மாதிரி தெகிரியமா இருக்குது."

தேர்வில் அந்தக் குரல் வந்ததும், வந்திருந்த கம்பெனிக்காரர்கள் கரண்ட் போய்விட்டதோ என்று விட்டத்து விளக்கைப் பார்த்தார்களாம். வேலை கிடைத்த செய்தியைவிட அதைத்தான் அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான்தான் அழுதேன். "சும்மா விளையாட்டுக்குச் செய்தது" என்று எதையாவது சொல்ல இப்போது வாயெடுத்தாலும், தறிகள் எல்லாம் நின்றுபோன அந்தத் தெரு நினைவுக்கு வந்து, செய்ததை இன்னொரு முறை சரிபார்க்க உட்கார்ந்துவிடுகிறேன்.