பேயை எடுத்துவிடச் சொன்னார்கள்

பேய்க்கதைகளுக்கு மதிப்புரை எழுதுகிறவள் நான். அதுவும் ஒரே எழுத்தாளரின் பேய்க்கதைகளுக்கு. மாதம் தவறாமல் எழுதித் தள்ளுகிற மனிதர். பஸ் ஸ்டாண்ட் கடைகளில் தொங்குகிற நாவல்களில் பாதி அவருடையவை. அவரைப் படிக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஒளித்துவைத்துப் படித்துவிட்டு, வெளியே வந்து "அதையெல்லாம் நான் தொடுவதில்லை" என்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

பிறந்தது கடலோர உவரியில், கல்யாணமாகி வந்தது தச்சநல்லூருக்கு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. எங்கள் தெருமுனையில் ஒரு அண்ணாச்சி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையின் ஒரு பக்கச் சுவர் முழுக்க வாடகைக்கு விடும் நாவல்கள். அவற்றை எடுத்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படித்து முடித்ததும் கடைசி வெற்றுப் பக்கத்தில் 'கதை அருமை', 'முடிவு சரியில்லை', 'நேரம் வீண்' என்று எதையாவது எழுதிவைப்பார்கள். அடுத்து எடுக்க வருகிறவர் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார். பேனா கூடாது, பென்சில்தான் என்று சொல்லி, அண்ணாச்சி மேஜைக் காலில் ஒரு பென்சிலை நூலால் கட்டிப்போட்டிருக்கிறார்.

நான் எழுதத் தொடங்கியது அந்தப் பென்சிலில்தான். ஆரம்பத்தில் விவரம் தெரியாமல் ஒரு கதையில் பேய் யார் என்பதையே எழுதிவிட்டேன். அதன்பிறகு ஒரு மாதம் அந்தப் புத்தகத்தை யாரும் தொடவில்லை.

"பேய் யாருன்னு நீங்களே சொல்லிப்புட்டா, பொறவு எவன் எடுப்பான்?" என்றார் அண்ணாச்சி. "திட்டணும்னா நல்லாத் திட்டுங்க. குட்டை மட்டும் ஒடச்சிராதீங்க."

அந்த ஒரு விதியை மட்டும் மீறாமல், மற்றபடி தாட்சண்யம் பார்க்காமல் எழுதினேன். ஆற்றங்கரை மண்டபத்தில் ஒரு பேய் தனியாகக் குடியிருப்பதாக ஒரு கதை. 'தாமிரபரணிக் கரையில் துணி துவைக்க நமக்கே இடம் கிடைப்பதில்லை, பேய்க்கு யார் விட்டார்கள்?' என்று கேட்டேன். தொழிற்சாலையில் பேய் வருகிற கதைக்கு, கங்கைகொண்டான் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரின் அபிப்பிராயத்தைப் போட்டேன்: 'சூப்பர்வைசர் இருக்கிற இடத்துக்குப் பேய் வராது.' நன்றாக இருந்ததை நன்றாக இருக்கிறது என்றும் எழுதினேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி அந்தப் பிள்ளையின் ஆவிக்குத் தலைசீவிவிடும் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டே, இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். அதையும் எழுதினேன். அடியில் 'உவரிக்காரி' என்று போடுவேன். அதற்கும் கீழே ஆட்கள் பதில் எழுதுவார்கள், சண்டைக்கும் வருவார்கள்.

பிறகுதான் அந்தக் கடற்கரைக் கதை வந்தது. கடலில் செத்துப்போன மீனவன் ஒருவன் ஆவியாக வீட்டுக்குத் திரும்புகிறான். மனைவி அலறிக்கொண்டு கதவைச் சாத்துகிறாள், பிள்ளைகள் சிலுவையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் பென்சில் முனை ஒடிந்துவிட்டது.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, ஆனி மாதக் காற்றில் என் அப்பாவின் வள்ளம் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. கோயிலில் பூசை வைத்தார்கள். அம்மா மீன் கூடையோடு பஸ் ஏறித் திசையன்விளைச் சந்தைக்குப் போய் விற்று, எங்களைப் படிக்கவைத்தாள். அப்பாவைப் பற்றி அவள் அதன்பின் வாய் திறந்ததே இல்லை. கேட்க எங்களுக்கும் தைரியம் வரவில்லை.

பென்சிலைச் சீவி இப்படி எழுதினேன்: 'தப்பு. கதவைச் சாத்த மாட்டோம். என் அப்பா கடலில் போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஈரக்காலோடு வந்து நின்றாலும் உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுவோம்.'

அடுத்த மாதம் பார்த்தபோது அதன் கீழே புதிதாக ஒரு கையெழுத்து இருந்தது. 'எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் மகன்.' எழுதியது யார் என்று அண்ணாச்சிக்கும் தெரியவில்லை.

அவர்தான் எல்லாக் கடைசிப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்து, "பேசாமப் புத்தகமாப் போடுங்க" என்றார். நாற்பத்து மூன்று மதிப்புரைகள் தேறின. வாசகர்களின் பதில்களையும் சேர்த்துத் தட்டச்சு செய்து, பாளையங்கோட்டையில் இலக்கிய வட்டம் நடத்தும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். அந்த வட்டம் போடும் புத்தகங்களுக்கு ஒரு மரியாதை உண்டு, நாலு பேர் தேடிப் படிப்பார்கள். அந்த ஆசை எனக்கு இல்லாமல் இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பி, உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"அப்பாவைப் பத்தி எழுதியிருக்கீங்கல்லா, அது இலக்கியம். அதை மட்டும் வச்சுக்கிட்டு விரிச்சு எழுதுங்க, நாங்களே போடுதோம். மத்தது எதுக்கும்மா? அந்தப் பேயையெல்லாம் எடுத்துருங்க."

"பேயை எடுத்தா அப்பாவும் போயிருவாரே, சார்."

"அதெப்படி?"

"இருபத்தாறு வருசமா எங்க வீட்டுல யாரும் பேசாததை அந்தப் பேய்க்கதைதான் என்னைப் பேச வச்சுது. நீங்க கூட்டத்துல பாராட்டுத எந்தப் புத்தகமும் வைக்கலை."

"கோவப்படாதீங்க. அந்தப் பேய்க்கதை எழுதுத ஆளுக்குப் போயி ஒரு முழுப் புத்தகமா? கேட்டா சிரிப்பாங்கம்மா."

தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். வாசகர்களின் பதில்களை எல்லாம் சிவப்பு மையால் அடித்திருந்தார். 'என் மகன்' என்பதன் மேலும் ஒரு கோடு.

"இது நீங்க எழுதினதில்லையே" என்றார்.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. "காப்பி நல்லா இருந்துச்சு, சார்" என்று சொல்லிவிட்டுத் தாள்கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பஸ்ஸில் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. வருத்தம் பாதி, ஆத்திரம் பாதி. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். தச்சநல்லூரில் இறங்கி நேரே அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

அவருக்குத் தெரிந்த அச்சகத்திலேயே அடித்தோம். நாற்பத்து மூன்றும் இருந்தன, வாசகர்களின் பதில்களும் இருந்தன. கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கங்கள் விடவேண்டும் என்று நின்று சொல்லி வாங்கினேன். வெளியீட்டு விழா, பொன்னாடை எதுவும் கிடையாது.

முதல் பிரதியை உவரிக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். ஜெபப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் அவள் வாசித்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருக்கப் பயந்து நான் கோயிலுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது புத்தகத்தை என்னிடமே நீட்டினாள்.

"ஏட்டி, இம்புட்டுப் பேயையா படிச்சிருக்க?" என்றாள். மீன் பொரிக்க உள்ளே போய்விட்டாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில்தான் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பென்சிலில், கோணல்மாணலான எழுத்தில், அம்மா எழுதியிருந்தாள். அடுத்த அச்சில் நாற்பத்து நான்காவது மதிப்புரையாக அது வரும். எடுக்கச் சொல்லுகிறவர்கள் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

'தப்பு. ஈரக்காலோட உள்ள வந்தா மொதல்ல ஏசுவேன். பொறவுதான் சோறு.'