எதிர் அணிக்கு ஒரு மெழுகுவர்த்தி

வேளாங்கண்ணிக்குப் போய், என் மகளை எதிர்த்து ஆடப்போகிறவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான். அவர்கள் ஜெயிக்கட்டும் என்று கேட்கவில்லை. "அவங்க அடிக்கடி இந்தப் பக்கம் வரணும் மாதாவே, கோல் மட்டும் விழக்கூடாது" என்றுதான் கேட்டேன். இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா வேண்டாமா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

மகள் மால்டாவில் கால்பந்து ஆடுகிறாள். கடலுக்கு நடுவே நம் கீழ்வேளூர் தாலுகா மாதிரி கொஞ்சூண்டு நாடு. அங்கே பெண்களுக்கான முதல்நிலை லீக்கில் ஓர் அணிக்குக் கோல் கீப்பர். முதல்நிலை என்றதும் பெரிய ஸ்டேடியம், ஜனக்கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் கணக்கு நடத்தும் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு வருகிற கூட்டம்கூட வராது. ஆட்டத்தை நெட்டில் காட்டுவார்கள், ஆனால் ஒரே ஒரு கேமரா. அது பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் என் மகள் திரையில் இருக்கமாட்டாள். அவள் அணி நன்றாக ஆடினால் முக்கால்வாசி நேரம் பந்து அந்தப் பக்கம்தான். ஆக, நான் அவளைப் பார்க்கவேண்டுமென்றால் அவளுக்கு ஆபத்து வரவேண்டும். என்ன கொடுமை பாருங்கள்.

அவர்கள் மத்தியானம் ஆடும்போது இங்கே சாயங்காலம், எங்களுக்கு ஜெபமாலை சொல்லும் நேரம். ஜெபமாலையைப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு, வீட்டுக்காரரும் நானும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவோம். வயலில் அறுவடை மிஷின் வந்து நின்ற அன்றைக்குக்கூட அவர் ஓடிவந்து முதல் பாதியைப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு அணி ஜெயித்தால் போதும். "தினம் வீடியோ கால்ல பாக்குறியே, அப்புறம் என்ன?" என்பார்.

எனக்கு அது போதாது. போனில் வருகிறவள் எனக்காகத் தலை சீவிக்கொண்டு வருகிறவள். நல்லாருக்கேன்மா, சாப்ட்டேன்மா, குளிர் இல்லம்மா. மைதானத்தில் நிற்கிறாளே, அவள்தான் என் பிள்ளை. கையுறைப் பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்குவாள். இடுப்பில் கை வைத்து முறைப்பாள். தன் ஆட்களையே வாய்க்கு வந்தபடி திட்டுவாள். சத்தம் கேட்காது, ஆனால் வாயசைவைப் பார்த்தால் அது தமிழ்தான் என்று எனக்குத் தெரியும். அவள் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருமுறைகூட வரவில்லை.

ஒருநாள் அவர்கள் ஐந்து கோல் போட்டு ஜெயித்தார்கள். ஆட்டம் முழுக்க அவளை நான் நாலு தடவைகூடப் பார்க்கவில்லை. போனில் பொரிந்து தள்ளிவிட்டேன். "நல்லா ஜெயிச்சீங்க போ! பெத்தவளுக்கு உன் மூஞ்சியக் காட்டக்கூட ஆளில்ல." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நீ எந்த டீம்மா?" என்றாள்.

அடுத்த ஆட்டத்திலிருந்து ஒரு மாற்றம். பந்து கோட்டுக்கு வெளியே போய்க் கோல் கிக் கிடைத்தால், அதை மெதுவாக வைப்பாள். எடுத்து வேறு இடத்தில் வைப்பாள். குனிந்து ஷூ லேஸைக் கட்டுவாள். அத்தனை நேரமும் கேமரா அவள் மேலேயே இருக்கும். எனக்கு வேறு என்ன வேண்டும்! மெலிந்திருக்கிறாளா, முழங்காலில் என்ன கட்டு, எல்லாவற்றையும் ஆசைதீரப் பார்த்தேன். வீட்டுக்காரர்தான், "கோல் போட வேண்டிய நேரத்துல இவ ஏன் இப்படி இழுத்தடிக்கிறா?" என்று முணுமுணுத்தார். எனக்கும் கேள்வி வந்தது. வந்த கேள்வியை விழுங்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஆட்டத்தில், நேரத்தை வீணாக்குகிறாள் என்று ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டிவிட்டார். அடுத்த இரண்டு ஆட்டங்களுக்குக் கோச் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டார். கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்காகவாடி பண்ணுன?" என்று கேட்டேன்.

"நீதானம்மா மூஞ்சியப் பாக்கணும்னே" என்றாள். அப்புறம்தான் மற்றதைச் சொன்னாள். ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது கடைசி ஆட்டத்தைப் பார்த்துத்தான். "எனக்கு இங்க இருக்கணும்மா" என்றாள்.

எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. சின்னப் பிள்ளையில் அவள் முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்தபோது, ஆடுடி என்று பின்னால் நின்றவள் நான். இப்போது நானே காலை வாரியிருக்கிறேன். "பந்து வந்தா உடனே அடி. என்னை நெனைக்காத. நெனைச்சே, அங்க வந்து ஒதைப்பேன்" என்றேன். ஆனால் அன்று முழுக்க ஒரு நினைப்பு விடவே இல்லை. நீட்டிக்காவிட்டால் வந்துவிடுவாளே. இந்த வீட்டில், என் கண் முன்னால் நடமாடுவாளே. அந்த ஆசையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கடைசி ஆட்டத்தில் அவளை இறக்கினார்கள். பந்து கையில் வந்ததோ இல்லையோ, தூக்கி எறிந்தாள். கேமரா பந்தோடு போனது. மறுபடி வந்தது, மறுபடி எறிந்தாள். "போடு! போட்டுரு!" என்று கத்தினேன். வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அவளை முழுசாக ஒரு நிமிஷம்கூட நான் பார்க்கவில்லை. ஒரு கோலும் விடாமல் ஜெயித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அழைத்தாள். "இன்னொரு வருஷம் இருக்கச் சொல்லிட்டாங்கம்மா. கையெழுத்துப் போடவா?"

"என்னடி கேள்வி இது? போடு" என்றேன்.

சொன்ன கையோடு போனை அவரிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால், வந்துருடி என்று சொல்லியிருப்பேன்.