நியூட்ரல்ல போட்டா வண்டி நகராது

காசு கட்டும் தளங்களுக்கு மட்டும் இணையம் வேகமாக ஓடப்போகிறதாம் என்று வாடிக்கையாளர் ஒருத்தி யாரோ சொன்னதாகச் சொன்னதிலிருந்து தையல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் தையல் வகுப்பு நடத்துவதே தன் சின்னத் தளத்தில்தான். விசாரித்தால், செய்தி உண்மை. ஆட்சேப மனு அனுப்ப இன்று ஐந்து மணிவரைதான் கெடு. எல்லாத் தளத்துக்கும் ஒரே வேகம் வேண்டும் என்ற அந்த மனுவில் பெயர் சேர்க்கச் சொல்லிப் பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் போனை நீட்டினாள்.

"நெட் நியூட்ராலிட்டியா? நியூட்ரல்ல போட்டா வண்டி நகராதேக்கா!"

"விளையாடாதப்பா, என் பொழப்பே இதுலதான் இருக்கு."

"எனக்குப் படமெல்லாம் நல்லாத்தான் ஓடுது," என்று அவன் ஸ்பானரோடு குனிந்துகொண்டான்.

பத்துப் பேர் சேர்ந்தால்தான் மனு செல்லும். தெருவெல்லாம் அலைந்தும் ஒன்பதுதான் தேறியது. நாள் முழுக்கப் போனும் கையுமாக இருக்கும் தம்பியை அழைத்தாள். ஐந்தாக ஏழு நிமிடம் இருந்தது. அவன் எடுக்கவில்லை; போன் அடித்துக்கொண்டே இருந்தது.