வசந்தா டீச்சரும் மில் வாசலும்

வசந்தா டீச்சர் இன்று காலை போய்விட்டார்.

மீஞ்சூரிலிருந்து அவர் மகள்தான் போன் செய்தாள். “அம்மா தூக்கத்துலயே பூட்டாங்கக்கா” என்றாள்.

நான் புனேயில், மகன் வீட்டில் இருக்கிறேன். டிக்கெட் தேடிப் பார்த்தோம்... எதைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. மதியமே எடுத்துவிடுகிறார்களாம்.

என்ன செய்வதென்று தெரியாமல் இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

எமர்ஜென்சி முடிந்த சமயத்தில் எங்கள் ஸ்கூலில் ஹிஸ்டரி எடுத்தவர் டீச்சர். அப்போது அவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அந்த வருஷம் ஹாலந்திலிருந்து ஒரு ஸ்கூல் குழு எங்கள் ஸ்கூலுக்கு வந்தது. எக்ஸ்சேஞ்ச் ப்ரோகிராம். அவர்கள் நம் பக்கத்துப் பழைய இடங்களையும் புதுத் தொழிற்சாலைகளையும் பார்ப்பார்கள், பிறகு நாங்கள் அவர்கள் ஊருக்குப் போவோம் என்றார்கள். நாங்கள் போகவேயில்லை, அது வேறு கதை.

காலையில் பழவேற்காட்டில் அவர்கள் முன்னோரான டச்சுக்காரர்களின் பழைய கல்லறை. மதியம் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஒரு மில். எங்களில் சிலரும் பஸ்ஸில் கூடப் போக வேண்டும். இதுதான் திட்டம்.

ஆனால் அந்த மில்லில் ஸ்ட்ரைக் நடந்துகொண்டிருந்தது. டீச்சரின் கணவர் ராஜாமணி அண்ணன் அங்கேதான் ஃபிட்டர். வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

வரவேற்புரையை ஒப்பித்துக் காட்ட நான் ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனபோது டீச்சர் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“மில்லுக்கு மட்டும் வேற யாரையாவது அனுப்புங்க சார். எங்க ஊட்டுக்காரர் வாசல்ல உக்காந்துனுகிறார்.”

“இங்கிலீஷ்ல பேச வேற யாரும்மா இருக்காங்க? மில்காரங்க கிட்ட வர்றோம்னு சொல்லியாச்சு” என்றார் ஹெட்மாஸ்டர். திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

டீச்சர் “சரிங்க சார்” என்றார். அண்ணனுக்குச் சம்பளம் நின்றுபோயிருந்தது. டீச்சர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

பழவேற்காட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், அதைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று, “இன்னா டீச்சர், இவங்க தாத்தன தேடிக்கினு வந்துகிறாங்களா?” என்று கேட்டார்.

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்னெக் என்ற பெண் என்னவென்று கேட்க, அதை இங்கிலீஷில் சொல்லி மறுபடியும் சிரித்தார்.

கும்மிடிப்பூண்டி நெருங்க நெருங்க டீச்சரின் பேச்சு குறைந்துவிட்டது.

மில் வாசலில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸைப் பார்த்ததும் நாலைந்து பேர் எழுந்து வழியை மறித்தார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

டீச்சர் முன் சீட்டில் இருந்தார். நான் பின்னாலேயே. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ராஜாமணி அண்ணன் எழுந்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது. பஸ்ஸைப் பார்க்காமல் தன் ஆட்களைப் பார்த்துப் பேசினார்.

“டீச்சரம்மா ஸ்கூல் பசங்கள இட்டுக்கினு வந்துகிறாங்க. வழி வுடுங்கப்பா.”

சொந்த மனைவியை டீச்சரம்மா என்றார்.

“உன் சம்சாரமே உள்ள போனா இன்னா நைனா அர்த்தம்?” என்று ஒருவர் கேட்டார்.

“அவங்களுக்கு அது வேல. போவட்டும்.”

வழி விட்டார்கள். பஸ் அவரை ஒட்டிக்கொண்டுதான் உள்ளே போனது. டீச்சர் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. உலை அணைந்து கிடந்தது. மேனேஜர் எல்லோருக்கும் மாலை போட்டார், கூல்டிரிங்க் கொடுத்தார், “சின்ன மெயின்டனன்ஸ் வேலை நடக்கிறது” என்றார். டீச்சர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார்.

அன்னெக் கேட்டாள், வாசலில் பேசினாரே, அவர் யார் என்று.

“மை ஹஸ்பண்ட்” என்றார் டீச்சர்.

அந்தப் பெண் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து, அப்படியானால் நாம் ஏன் உள்ளே இருக்கிறோம் என்று மெதுவாகக் கேட்டாள்.

நானும் என் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

திரும்பும்போது டீச்சர் வாசலில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். தனக்குக் கொடுத்த கூல்டிரிங்கை அவர் குடிக்கவேயில்லை. அதை எடுத்துக்கொண்டு இறங்கி நேராக அண்ணனிடம் போனார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வெயில்ல கீறீங்க... ஒரு வாய் குடிங்க.”

“வேணாம் வசந்தா. பசங்க பாக்குறாங்க, நீ ஏறு.”

டீச்சர் பாட்டிலோடு ஏறி உட்கார்ந்தார். பொன்னேரி வரும்வரை அது அவர் மடியிலேயே இருந்தது.

ஸ்ட்ரைக் முடிந்து பாதிப் பேரைத்தான் திரும்ப எடுத்தார்கள். அண்ணனை எடுக்கவில்லை. எண்ணூர்ப் பக்கம் கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனார். மகள் காலேஜ் போகும் முன்பே இறந்துவிட்டார்.

சில வருஷங்களுக்கு முன் டீச்சரை மீஞ்சூர் வீட்டில் பார்த்தேன். டீ போட்டுக் கொடுத்தார். ரொம்பத் தயங்கித்தான் கேட்டேன்... அன்றைக்கு வீட்டுக்கு வந்து அண்ணன் ஏதாவது சொன்னாரா என்று.

“ஒண்ணும் சொல்லலம்மா. ‘அந்தப் பசங்க சாப்ட்டாங்களா’ன்னு கேட்டார். அவ்ளோதான்.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அவரே சொன்னார்.

“ஏதாவது திட்டியிருக்கலாம்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும்...

டீச்சர், உங்கள் முகத்தை ஒருமுறை பார்க்கக்கூட வழியில்லாமல் போய்விட்டது. அமைதியாகப் போங்கள்.