மிதவைக்குச் சூட்டிய பூ

கண்ணில் புரை முற்றிவிட்டது, அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், எத்தனை நாள் குடம் தூக்கக் கூடாது என்று கேட்டேன். ஒரு மாதம் என்றார். குனியவும் கூடாதாம். பக்கத்தில் நின்ற என் மகன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. புரை விழுந்த கண்ணுக்கும் அது தெரிந்தது.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. என்னுடையது. விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் முப்பத்திரண்டு வருடம் நின்றே வேலை பார்த்தவள், இனி உட்கார்ந்து பார்க்க எனக்கென்று ஒன்று வேண்டும் என்று வாங்கினேன். இப்போது அதில் நாலு தங்க மீன். இந்த ஊர் வெயிலுக்குத் தண்ணீர் தினமும் அரை விரல் வற்றும். அப்படியே விட்டால் தொட்டிக்குள் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டார் காற்றை இழுத்துக் கடகடவென்று இரைந்து, கடைசியில் புகைந்துவிடும். அதனால் சாயங்காலந்தோறும் முற்றத்துக் குழாயில் பிடித்து நான் ஊற்றுவேன்.

வீட்டுக்கு வந்ததும் மகன் ஆரம்பித்தான்.

"மீனைக் கடைக்கார அண்ணாச்சிட்டயே திருப்பிக் குடுத்துருவோம்மா. ஒனக்கு முடியாது. எங்களுக்கு ஞாபகம் இருக்காது."

"நான் கல்யாணத்துக்குப் போயிருந்தப்பவே அது தெரிஞ்சுதே. ரெண்டு மீனைக் கொன்னியேலே."

"அதான் சொல்லுதேன்."

"ஒரு ஆளு கை படாம தண்ணி தானா நிக்கும்னு காட்டுதேன். காட்டலன்னா கொண்டு போய்க் குடு."

"நீ என்ன இஞ்சினியரா?"

"இஞ்சினியருக்கு அறுந்த நூல்ல முடிச்சுப் போடத் தெரியாது. மில்லுல நான்தான் போட்டேன்."

நான் சும்மா சவால் விடவில்லை. மில்லில் நாங்கள் கை கழுவும் இடத்தில் ஒரு தொட்டி உண்டு. அதில் ஒரு மிதவை. தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கும், குழாய் திறக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை மேலே வந்து குழாயை அடைக்கும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே கை கழுவியவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க எழுத்து எதற்கு?

மொட்டை மாடியில் பழைய ஏர்கூலர் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதற்குள்ளும் அதே மாதிரி சின்ன மிதவை. கழற்றினேன். ஒரு வாளியின் அடியில் ஆணியைச் சுட வைத்து ஓட்டை போட்டேன். மிதவைக்குப் போகும் குழாயை அதில் சொருகி, தண்ணீர் கசியாமலிருக்க சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டி இரண்டு பக்கமும் வைத்து இறுக்கினேன். வாளி அலமாரி மேலே, மிதவை தொட்டி விளிம்பில். வாளியை நிரப்பினால் பத்து நாளைக்குத் தாங்கும்; பிறகு மருமகள் ஒரு தரம் நிரப்பினால் போதும். மருமகளின் நகப்பூச்சை வாங்கி, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்தேன்.

மில்லில் புது மெஷின் எதுவும் பூ வைக்காமல் ஓடியதில்லை. இதுவும் மெஷின்தானே. வாளிக்குப் பொட்டு வைத்தேன். வேலை செய்யப்போவது மிதவை என்பதால், ஒரு முழம் செவ்வந்தியை அதற்கே சுற்றிக் கட்டினேன். கும்பிட்டுவிட்டு மருமகளோடு சந்தைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் வாசல்படி வரை தண்ணீர். தொட்டி விளிம்பு முட்ட நிறைந்து வழிந்திருந்தது. வாளி காலி.

சாப்பிட வந்த மகன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். "எம்மா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மீனு பஸ்ஸ்டாண்டுக்கே நீந்திப் போயிருக்கும்." உடனே கடைக்காரருக்குப் போன் செய்தான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அன்றைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

நான் மிதவையை எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தேன். பூ தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனத்தது. அந்தப் பாரத்தில் மிதவை மேலே வரவே இல்லை. குழாய் மூடவே இல்லை.

"பூவ எடுத்துட்டாச் சரியாயிரும், அத்த" என்றாள் மருமகள், தரையைத் துடைத்துக்கொண்டே.

"எடுக்க மாட்டேன், இடத்த மாத்துதேன். வாளிக் காதுல கட்டு."

வாளியை மறுபடி நிரப்பினோம். மூன்று நாள் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. "மூணு நாள் நிக்கும். பெறகு?" என்றான் மகன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மருமகளிடம், யாரும் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள், ஒரு கண்ணில் கட்டோடு வீட்டில் வந்து இறங்கினேன். கடைக்காரர் பிளாஸ்டிக் கவரோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒத்தக் கண்ணுதான். நீங்க பார்த்துச் சொல்லுங்க. தண்ணி கோட்டுக்கு மேலயா, கீழயா?"

அவர் குனிந்து பார்த்தார். "சரியா கோட்டுலதான் நிக்கி."

"யாராவது ஊத்துனாங்களான்னு மருமககிட்டக் கேளுங்க."

"நான் அங்கன போகவே இல்ல" என்றாள் மருமகள்.

மகன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். கடைக்காரர் வாளியையும் குழாயையும் மிதவையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கவரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வாளிக்குப் பூ எதுக்கு ஆச்சி?"

"புது மெஷினு. நீங்களும் கடைக்கு இப்படி ஒண்ணு செஞ்சா, பூவ மிதவைல மட்டும் கட்டாதீங்க" என்றேன்.

மகனைப் பார்த்து, "ஏலே, நாற்காலிய எடுத்து இங்கன போடு" என்றேன். போட்டான். ஒற்றைக் கண்ணோடு தொட்டிக்கு நேரே உட்கார்ந்தேன்.