பாசியைக் குலுக்கிய அங்கிள்

நகரத்தின் ஒரு கோடியில் இருக்கும் வெரிபீயிலிருந்து மறுகோடி கிளேட்டனுக்குச் சனிக்கிழமை கார் ஓட்டியிருக்கிறீர்களா? அது பயணம் இல்லை, தண்டனை. போன வாரம் அதில் எனக்குத் துணை, பக்கத்து வீட்டு அந்தோனி அங்கிள். மன்னார்க்காரர். "வீட்டில சும்மா இருந்து என்ன செய்யிறது, நானும் வாறன்" என்று ஏறிக்கொண்டார்.

கிளேட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் என் மனைவி நித்யா ஆராய்ச்சி செய்கிறாள்; அவளைக் கூட்டிவரத்தான் போனோம். எதை? பாசியை. குளத்துப் பச்சைப் பாசிதான்... ஒரே செல், இரண்டு வால். வாலை அடித்து நீந்தும். அந்த வாலை ஆட்டுவது உள்ளே இருக்கும் டைனீன் என்ற மோட்டார் புரதம். அது கெட்டுவிட்டால் பாசி அடியில் போய்ப் படுத்துவிடும். படுத்ததைச் சரிசெய்து நீந்தவைக்க வேண்டும் — அதில்தான் அவள் வேலையே தொங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் லேபுக்குள் நுழைந்தபோது மேசையில் ஒரு டெஸ்ட் டியூப், அதற்கு மேல் ஒரு விளக்கு. அடியில் பச்சை வண்டல். மேலே, வெளிச்சத்தை ஒட்டி, மெல்லிசாய் ஒரு பச்சைக் கோடு.

"மேல வந்திருக்கு பாருங்க, நீந்துது. இருங்க, புரொபசரைக் கூட்டிட்டு வர்றேன்" என்று நித்யா ஓடினாள்.

நான் போனில் ஒரு மெசேஜ் பார்த்தேன். ஒரே ஒரு மெசேஜ். நிமிர்ந்தால், டியூப் அங்கிள் கையில். மருந்துப் பாட்டிலைப் போலக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்.

"அங்கிள், என்ன பண்றீங்க?"

"அடியில மண்டிப்போய்க் கிடந்தது தம்பி. கலக்கி விட்டனான்."

நம் ஆட்களுக்கு இது என்ன வியாதி? அடியில் ஏதாவது தங்கியிருந்தால் போதும், கை சும்மா இருக்காது. மோரைக் கலக்குங்கள், சிரப்பைக் கலக்குங்கள். பாசியை ஏன் சார்?

நித்யா புரொபசரோடு வந்தாள். டியூப் முழுக்க ஒரே பச்சை. கோட்டைக் காணோம். அவள் என்னைப் பார்த்தாள். நான் அங்கிளைப் பார்த்தேன். அங்கிள் கூரையைப் பார்த்தார்.

புரொபசர் நாற்காலியை இழுத்துப் போட்டு, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். பொறுத்தோம். எனக்குப் பசி, எரிச்சல், அங்கிளின் கொட்டாவி வேறு... மெல்ல மெல்ல வெளிச்சத்துக்குக் கீழே பச்சை திரண்டது. பாசி நீந்தி மேலே வருவதைப் புரொபசர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். உன் வேலையை நீட்டிக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். நித்யா அழுதேவிட்டாள்.

மறுநாள் ஒரு பிறந்தநாள் விருந்து. அங்கிளைச் சுற்றி ஒரு கூட்டம்.

"பிள்ளையின்ர பாசி நீந்தாமக் கிடந்தது. நான்தான் ஒரு குலுக்குக் குலுக்கி எழுப்பிவிட்டனான்."

பக்கத்தில் நின்ற நித்யா, "ஆமா அங்கிள்" என்று தலையாட்டுகிறாள்.

இனிமேல் அவரை எங்கே கூட்டிப்போனாலும், கைக்கு ஒன்றாக இரண்டு வடை கொடுத்துத்தான் கூட்டிப்போவேன்.