பாயும் விரித்து மோட்டாரும் ஓடினால்

காலை ஐந்தரைக்கு அருள்புரத்தில் பஸ் ஏறினோம். திருப்பூர் ஸ்டேஷனுக்கு ஆளுக்கு நாலு ரூபாய். அங்கிருந்து எர்ணாகுளம் ஏறக்குறைய இருநூற்று நாற்பது கிலோமீட்டர். என் கணவர் செல்வின் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். ஆறு வருடமாக இங்கே நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். கொச்சியில் சுற்றுலாப் பயணிகளைப் பாய்மரப் படகில் கூட்டிப்போகும் ஒருவர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மதியம் பரீட்சை. இடம் ஒன்றே ஒன்றுதான். ஊத்துக்குளியில் பிறந்த நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை. ஆனாலும் நான்தான் வாத்தியார்.

ஏழரை மணி. ரயில் கோவையைத் தாண்டியதும், படகு விதிகளை எழுதிவைத்திருந்த நோட்டைப் பிரித்தேன்.

"ஏனுங்க, பாயும் விரிச்சிருக்கு, மோட்டாரும் ஓடுது. குறுக்கே வெறும் பாயில ஒரு படகு வருது. யாருங்க விலகோணும்?"

"ஏட்டி, நமக்கும் பாய் இருக்குல்லா? அவன் விலகட்டும்."

"உங்க ஊர் வீராப்பெல்லாம் அங்க வேண்டாங்க. மோட்டார் ஓடுனா, பாய் இருந்தாலும் அது மோட்டார் படகுதான். நீங்கதான் விலகோணும்."

அப்படி ஓடும்போது, மற்றவர்களுக்குத் தெரிவதற்காகப் படகின் முன்பக்கம் ஒரு கறுப்புக் கூம்பைத் தொங்கவிட வேண்டும், கூர்முனை கீழே பார்க்கும்படி. பழகுவதற்கென்று நூல் தீர்ந்த அட்டைக் கோன் ஒன்றைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பாலக்காடு வருவதற்குள் அதை ஜன்னல் கம்பியில் இருபது தடவையாவது மாட்டவைத்திருப்பேன். எதிர் சீட்டுப் பல்லடத்துக்காரர் பொறுக்க முடியாமல், "ஏனுங்க, கோன் யாவாரமுங்களா?" என்று கேட்டேவிட்டார்.

பகல் ஒன்றேகால், படகுத்துறை. செல்வினோடு படகு முதலாளியும் ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் பாயை விரித்தார்கள். மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. செல்வின் கூம்பை எடுத்து மாட்டினார். கூர்முனை மேலே!

நிட்டிங் மெஷினில் நூல் கோன் எப்போதும் கூர்முனை மேலாகத்தான் நிற்கும். ஆறு வருடப் பழக்கத்தில் கை தானாக அப்படிப் போய்விட்டது. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கத்திச் சொன்னால் பரீட்சையில் பிட் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வெறும் பாயில் ஒரு படகு குறுக்கே வந்தது. செல்வின் வேகத்தைக் குறைத்து, தாராளமாக விலகி, அதன் பின்பக்கமாகப் போனார். அப்புறம்தான் நிமிர்ந்து கூம்பைப் பார்த்தார்.

"சார், தப்பு! நான் தலைகீழா மாட்டிட்டேன்!"

துறை முழுக்கக் கேட்டது. சுக்கானை முதலாளி கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் ஓடிப்போய்த் திருப்பி மாட்டினார்.

கரைக்கு வந்ததும் முதலாளி சிரித்தார். "விலகத் தெரியுது. தப்பை மறைக்கத்தான் தெரியல. திங்கக்கிழமை வந்துடு."

செல்வின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். திருப்பூர் எங்களுக்குச் சோறு போட்ட ஊர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெஷின் இரைச்சலில் கையால் ஜாடை காட்டியே பழகியவர், வீட்டிலும் வாய் திறப்பது அபூர்வம். இந்த மனிதருக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது, கல்யாணமாகி நாலு வருடம் கழித்து, அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.